காகிதமே புழங்காத 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் எப்படி வரிக்கணக்குப் பார்த்தார்?

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரீப் என்ற அதிகாரி இருந்தார். அரசருக்குச் செலுத்த வேண்டிய ஆண்டுத்தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவார்கள். அதற்கு மேல் வசூலானது பெரும்பாலும் ஷெரீப்புக்கே. மக்களைக் கசக்கிப் பிழிய இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா!

ஈஸ்டரில் பாதியளவு கட்ட வேண்டும். செப்டம்பர் 29ஐ ஒட்டி முழுக்கணக்கு. 10 அடிக்கு 5 அடி மேசையில் கட்டம் போட்ட துணியை விரித்து, பென்னி, ஷில்லிங், பவுண்டு எனத் தனித்தனி வரிசைகளில் காய்களை வைத்து, கட்ட வேண்டியதிலிருந்து கட்டியதைக் கழிப்பார்கள். எழுத்தறியாத ஷெரீப்பும் பாக்கி எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ரசீது ஒரு மரக்குச்சி. உள்ளங்கைத் தடிமன் அளவு வெட்டு 1000 பவுண்டு, கட்டைவிரல் அகலம் 100, சுண்டுவிரல் அகலம் 20, வாற்கோதுமை மணியளவு 1. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. ஒரு பாதியில் மட்டும் யாராவது கூடுதலாக வெட்டினால், இரண்டையும் சேர்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெரிய தலைவலி நாணயம்தான். ஓரம் சுரண்டியதும் கலப்படமானதும் தாராளமாக வந்தன. அதனால் ஷெரீப் கொண்டுவந்த பணத்திலிருந்து 240 வெள்ளிப் பென்னிகளை, அதாவது ஒரு பவுண்டை, எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். எடை குறைந்தால், அந்த விகிதத்தில் மொத்தத் தொகைக்கும் ஷெரீப்தான் ஈடுகட்ட வேண்டும்.

முடிவைத் தோல்சுருளில் எழுதினார்கள். எஞ்சியவற்றில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்கானது. ஆண்டுக்கணக்கில் வசூலாகாத பாக்கிகள் இவற்றில் மறுபடி மறுபடி வருகின்றன.