வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குன்னூர் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினொரு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். அக்டோபர் 13 உலகப் பேரிடர் அபாயக் குறைப்பு நாள் என்பதால் 'பேரிடரும் நாமும்' என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தோம். 47 படங்கள் வந்தன. அதில் பாதிக்கு மேல் கடல் அலை. எங்கள் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. மீதிப் படங்களில் பிளந்த பூமி, ஹெலிகாப்டர், கைகூப்பி அழும் பெண். எல்லாம் அப்பா அம்மா கைப்பேசியில் தேடிப் பார்த்து வரைந்தவை. பரிசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், மனசு ஒப்பவில்லை. எங்கள் பள்ளிக்கு மேலே தேயிலைச் சரிவு, கீழே ஓடை. இந்த ஓவியங்களால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்? ஒத்திகை நடத்தினால் போதாதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாளை அப்படியே வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள். 2009 மண்சரிவில் அவள் குடும்பத்தில் ஓர் இழப்பு என்று பிறகு தெரிந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே நடந்தது. கலை வழியாகக் கற்பிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பயத்தைத்தான் கொடுக்கிறோமா?

ஓர் ஆசிரியை, குன்னூர் வட்டம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வெற்றுத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

கடல் அலை வந்ததற்குக் காரணம் தலைப்பு. 'பேரிடர்' என்பது தொலைக்காட்சியில் வரும் சொல். உங்கள் ஊரில் யார் வாயிலும் அது வராது. 'மண்ணு எறங்கிருச்சு' என்பார்கள், 'ரோடு போயிருச்சு' என்பார்கள். தொலைக்காட்சிச் சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் தொலைக்காட்சிப் படத்தைத்தான் திருப்பித் தருவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரம் எனக்கும் அலையும் ஹெலிகாப்டரும்தான் கிடைத்தன. மூன்றாம் வாரம், 'உங்க வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கோ அதை மட்டும் வரைஞ்சுட்டு வாங்க. வீட்டை வரைய வேண்டாம்' என்றேன். ஒரு பையன் பென்சிலில் ஒரு தடுப்புச் சுவரை வரைந்து வந்தான். கல்லெல்லாம் எண்ணி வரைந்த மாதிரி இருந்தது. சுவரில் தண்ணீர் வடிவதற்காக விட்ட நான்கு குழாய்கள். மூன்றின் கீழே பாசி படிந்த கறை, சொட்டும் நீர்த்துளிகூட உண்டு. நான்காவது குழாயின் வாயில் ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. 'இது என்னடா?' என்று கேட்டேன். 'பழைய சட்டை சார். வாசல்ல சேறு ஆகுதுன்னு பாட்டி அடைச்சு வெச்சிருக்கு.' அந்தக் குழாய்க்கு நேர் மேலே சுவர் கொஞ்சம் வெளியே தள்ளியிருப்பதையும் அவன் வரைந்திருந்தான். கை தவறிக் கோடு வளைந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் சுவரே அப்படித்தான் புடைத்திருந்தது. அவன் அப்பா சட்டையைப் பிடுங்கியதும் பழுப்புத் தண்ணீர் ரொம்ப நேரம் வடிந்தது.

அந்த வீட்டில் ஏழு பேர். தினமும் அந்தச் சுவரில்தான் துணி உலர்த்துகிறார்கள். ஒருவர் கண்ணிலும் படாதது, வரைய உட்கார்ந்த பையன் கண்ணில் பட்டது. பயன் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பயன் இதுதான்.

அந்தக் குழாயில் அவ்வளவு என்ன இருக்கிறது? நம் மலையில் பாறைக்கு மேலே ஆழமாக மக்கிய மண் கிடக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி, பாறையில் தட்டி, போக வழியில்லாமல் தேங்கும். மண்ணின் எடை கூடும், பிடிமானம் குறையும். வீடு கட்டவும் சாலை போடவும் சரிவின் அடியை நாம் செங்குத்தாக வெட்டி வைத்திருக்கிறோம். தேங்கிய தண்ணீர் அங்கேதான் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அப்படித் தள்ளாமல் வடிந்து போகத்தான் சுவரில் அந்தக் குழாய். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 820 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். அந்தச் சில நாட்களில் நீலகிரி மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் மண் சரிந்தது, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது கோத்தகிரியில் இருந்தேன். விடிந்ததும் தெருவெங்கும் பச்சை மண் வாசனை, வயலை உழுத மறுநிமிடம் வருமே அது. இன்றைக்கும் கனமழை இரவுகளில் அந்த வாசனை வருகிறதா என்று எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன்.

அதனால் மண்ணையே வரையச் சொல்லுங்கள். வரைவதற்கும் மண்ணையே கொடுங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் பழங்குடியினர் மரப்பிசினும் இலைச்சாறும் மண்ணும் கொண்டு படம் வரைகிறார்கள். பெட்டி வண்ணம் வருவதற்கு முன்பே இந்த மலையில் வண்ணம் இருந்தது. கோடையில், மழை இல்லாத நாளில், சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் மண்ணை நீங்களே அள்ளி வாருங்கள் (வெட்டிய சரிவின் அடியில் பிள்ளைகளைக் குனிய விடாதீர்கள்). சிவப்பு, மஞ்சள், சாம்பல் வெள்ளை என்று இருக்கும். கரைத்துத் தொட்டு, சரிவில் எந்த நிறம் எங்கே இருக்கிறதோ அப்படியே தாளில் பூசட்டும். மண் முடிந்து பாறை தொடங்கும் கோட்டில்தான் பெரும்பாலும் ஈரம் கசியும். அந்தக் கோட்டைத் தன் கையால் இழுத்த பிள்ளைக்கு அது மறக்காது.

இன்னொரு நாள் பள்ளி முற்றத்தில் களிமண்ணில் ஒரு மலை. பாதியைச் சாய்வாக விட்டுப் புல் பத்தையைப் பதியுங்கள். மறுபாதியை நேராக வெட்டி, அட்டையில் நாலு லயன் வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) செய்து அடியில் வையுங்கள். பூவாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகாது, பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும். ஆகட்டும். மழை நின்ற பிறகும் மண் இறங்குவது ஏன் என்று அந்தக் காத்திருப்பில்தான் புரியும்.

ஒரே சரிவை மாதம் ஒரு முறை வரைவது இன்னும் நல்லது. ஜூனில் சாய்ந்திராத மின்கம்பம் செப்டம்பரில் சாய்ந்திருக்கிறதா, தரையில் புது வெடிப்பு உண்டா, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா என்று படத்தோடு படம் வைத்துப் பார்க்கலாம். நீலகிரிக்குள்ளேயே மழைக்காலம் ஒன்றில்லை என்பதும் அப்போது தெரியவரும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டரைத் தாண்டியது. உங்கள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர்.

ஒத்திகை போதாதா என்றீர்கள். ஒத்திகை கட்டாயம் வேண்டும். எதற்கான ஒத்திகை என்று மட்டும் பாருங்கள். நம் பள்ளிகளில் அதிகம் பழக்கப்படுத்துவது மேசைக்கு அடியில் பதுங்குவது. அது நிலநடுக்கத்துக்கு. மலைச்சரிவில் மண் நகர்ந்தால் அது வரும் தடத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போக வேண்டும், ஓடை வழியாகக் கீழே ஓடவே கூடாது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பரீட்சைக்குப் பிறகு மறந்துவிடும். பாட்டாக இருந்தால் மறக்காது.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலுயே என்றொரு தீவு. 1907-ல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானவர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 97 வருடம் கழித்து 2004 டிசம்பரில் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த அந்தத் தீவில் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். அதை நினைத்துத்தான் எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளும் கைதட்டி ஒரு பாட்டுக் கட்டினார்கள்:

ஊத்துத் தண்ணி செவந்துச்சா, உள்ள சேதி வந்துச்சா
கதவு சாத்த மறுத்துச்சா, கம்பம் சாஞ்சு நின்னுச்சா
ஓடைச் சத்தம் நின்னுச்சா, ஒத்த நிமிசம் நிக்காதே
கீழ கீழ ஓடாதே, பக்கமா ஏறு, பக்கமா ஏறு!

ஓடைச் சத்தம் நிற்பது ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மேலே மண்ணும் மரமும் விழுந்து தண்ணீரை மறித்திருக்கலாம், அது உடைத்துக்கொண்டு வரும் என்று சொல்லுங்கள். இந்தப் பாட்டு இப்போது அந்தப் பள்ளியில் பாண்டியாட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

இனி அந்த வெற்றுத்தாள். 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போயிருந்த நேரம். கையில் வண்ணப் பென்சில்களோடு போனேன். ஒரு சிறுவன் நான் கேட்பதற்கு முன்பே, 'அலைதானே?' என்று சொல்லி மடமடவென்று வரைந்து நீட்டினான். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டிருக்கிறார்கள். அன்று கூசிப்போனேன். நடந்ததை வரை என்று அதன் பிறகு எந்தக் குழந்தையிடமும் நான் கேட்டதில்லை. வரைந்து துயரம் ஆற்றுவது அதற்கென்று படித்தவர்கள் அருகில் இருந்து செய்ய வேண்டியது. ஓவிய வகுப்பு அதைச் செய்யக் கூடாது.

உங்கள் சிறுமி பயந்ததால் வெறுந்தாள் கொடுத்தாள் என்று நான் நினைக்கவில்லை. தன் வீட்டு விஷயத்தைப் போட்டிக்கு வைக்க அவளுக்குப் பிடித்திருக்காது. அவளிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். தாளைக் கவரில் போட்டு வைத்திருங்கள், அவளாக என்றைக்காவது கேட்டால் கொடுங்கள். அதுவரை வேறு வேலை தரலாம். ராத்திரியில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் பையில் என்னென்ன வேண்டும் என்று வரையச் சொல்லுங்கள்: டார்ச், ரேஷன் அட்டை, பாட்டியின் மாத்திரை, ஒரு கம்பளி. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஓடையைத் தாண்டாமல் வரும் பாதை எது என்றும் கேட்கலாம். இந்தப் படங்களில் யாரும் சாவதில்லை. படத்தின் மூலையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைப் பெரிதாக எழுதட்டும். முடிந்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், பள்ளிச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். சட்டையைப் பிடுங்க வேண்டியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பருவமழை விட்டதும், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வருகிறேன். போட்டியும் பரிசும் மட்டும் வேண்டாம். இரண்டு கூடை களிமண்ணும் ஒரு பூவாளியும் தயாராக வையுங்கள்.

அன்புடன்