குளிர் முடியும் முன் மலரும் கிழங்குப் பூக்கள்: வாசகர் கேள்விகள்

எந்த மாதம் போனால் பார்க்கலாம்?

பூமியின் வடபாதியில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வெள்ளை ஸ்நோட்ராப்பும் மஞ்சள் வின்டர் அகோனைட்டும் முதலில் வரும், பின்னாலேயே குரோக்கஸ், குட்டை ஐரிஸ். குளிர் நீண்டால் எல்லாமே தள்ளிப்போகும். அதனால் காலண்டரை நம்பாமல் தோட்டத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

போன வருடம் காலை எட்டரைக்கே போய் நின்றோம். குரோக்கஸ் முழுக்க மொட்டு, ஸ்நோட்ராப் எல்லாம் தரையில் சாய்ந்து செத்துக் கிடந்தது. தேதி தப்பா?

தேதி சரிதான், மணிதான் தப்பு. வெப்பம் ஏறும்போது குரோக்கஸ் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்கிறது, பூ விரிகிறது. குளிர்ந்தால் வெளிப்பக்கம் முந்துகிறது, பூ மூடிக்கொள்கிறது. தேனீ பறக்காத குளிரில் மகரந்தத்தைத் திறந்துவைத்து என்ன பயன்? அகோனைட்டும் வெயில் முகம் பார்த்துத்தான் திறக்கும். நீங்கள் பார்த்த ஸ்நோட்ராப்பும் செத்திருக்காது. உறைபனியில் தண்டு துவண்டு படுக்கும், பனி இளகியதும் எழுந்து நிற்கும். வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் போங்கள். மேகம் மூடிய நாளில் போனால் பல்பு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் (இரண்டு அர்த்தத்திலும்!).

குரோக்கஸ் என்றால் குங்குமப்பூதானே? நடுவிலிருக்கும் நாரை எடுத்துப் பாலில் போடலாமா?

வேண்டாம். இரண்டும் ஒரே பேரினம், அவ்வளவுதான் உறவு. குங்குமப்பூ தருவது குரோக்கஸ் சட்டைவஸ். அது இலையுதிர் காலத்தில் பூப்பது. குளிர் கடைசியில் நீங்கள் பார்ப்பது வேறு இனங்கள்.

ஸ்நோட்ராப் எல்லாமே ஒரே மாதிரி வெள்ளைதான். சிலர் ஏன் மண்டியிட்டுப் பார்க்கிறார்கள்?

தலைகுனிந்த பூவாயிற்றே, விஷயம் உள்ளே இருக்கிறது! வெளியே மூன்று பெரிய இதழ்கள், உள்ளே மூன்று சிறியவை. அந்தச் சின்ன இதழ்களில் இருக்கும் பச்சைக் குறிதான் இதற்கு ஜாதகம். இனங்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேல், பெயர் வைத்த ரகங்களோ ஆயிரத்தைத் தாண்டும். பல ரகங்களைப் பிரித்தறிய அந்தக் குறிதான் துணை. இந்தப் பூமேல் பித்துப் பிடித்தவர்களை 'கேலந்தோஃபைல்' என்பார்கள். கிரேக்கத்தில் பால், பூ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துத் தாவரவியலாளர் லின்னேயஸ் ஸ்நோட்ராப்புக்கு வைத்த பெயர் கேலந்தஸ், அதிலிருந்து வந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் சின்னக் கைக்கண்ணாடி எடுத்துப் போங்கள். பூவுக்கு அடியில் நீட்டினால் போதும், பறித்துத் திருப்பிப் பார்க்கும் பாவம் வேண்டாம். நல்ல வெயிலில் முகத்தை அருகே கொண்டுபோனால் லேசான தேன் வாசம் வரும்.

குழந்தையையும் நாயையும் கூட்டிப் போகலாமா?

நாயை விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். ஸ்நோட்ராப், அகோனைட் இரண்டும் விஷம். ஸ்நோட்ராப் கிழங்கைப் பார்த்தால் சின்ன வெங்காயம் போலவே இருக்கும், ஜாக்கிரதை. இத்தனைக்கும் அல்சைமர் நோய்க்குத் தரும் கேலந்தமைன் மருந்து ஸ்நோட்ராப் குடும்பத்துச் செடிகளிலிருந்து கிடைத்ததுதான். அப்புறம், பாதையை விட்டு இறங்காதீர்கள். வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தில் அடுத்துப் பூக்க வேண்டியவற்றின் முளை இருக்கும்.

வெப்பமான ஊரில் இருக்கிறேன். தொட்டியில் வளருமா?

ஸ்நோட்ராப் வளராது. மண்ணுக்குள் சில மாதம் நல்ல குளிர் பட்டால்தான் அது பூக்கும். குளிர் தேசத்துக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.