நர்சிங் அசைன்மென்டுக்காகப் பணியில் இருக்கும் செவிலியரைப் பேட்டி எடுப்பது எப்படி? என்ன கேட்கலாம்?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலையில் இருக்கும் செவிலியர் ஒருவரைப் பேட்டி எடுத்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். யாரைப் பார்ப்பது, எப்படி அனுமதி வாங்குவது, என்ன கேட்பது?

பதில்:

"ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள்?" என்ற கேள்வி உங்கள் தாளில் முதலாவதாக இருக்கும். அதை இப்போதே அடித்துவிடுங்கள். "சின்ன வயசிலேயே சேவை செய்யணும்னு ஆசை" என்று பதில் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அதை வைத்து அரைப் பக்கம்கூடத் தேறாது. வகுப்பில் எல்லோருடைய ஃபைலிலும் அதே அரைப் பக்கம்தான் இருக்கும். பாடத்தில் படித்தது வார்டில் எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் மாறுகிறது, ஏன் மாறுகிறது, இதைப் பிடித்து வந்தீர்களா என்று பார்த்துத்தான் டியூட்டர் மார்க் போடுவார். அதனால் அபிப்பிராயத்தை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஒரு டியூட்டி, ஒரு நோயாளி, ஒரு ஊசி என்று கேள்வி எவ்வளவு சின்னதோ, பதில் அவ்வளவு கனமாக வரும்.

யாரைப் பார்ப்பது என்பதில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகளும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் ஒரு பக்கம்; பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் மறுபக்கம். மார்த்தாண்டத்தில் குடியிருந்துகொண்டு தினமும் எல்லை தாண்டி டியூட்டிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டு மாநில முறையும் தெரிந்த ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிந்தவர் கேரளத்தில் வேலை பார்க்க அங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்கு என்னென்ன காகிதம் கேட்டார்கள், எத்தனை நாள் பிடித்தது என்பதே நல்ல ஒரு பத்தியாகும்.

வார்டு நர்ஸ்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லாவிட்டால், வீடு வீடாகப் போகிறவரைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கேரளம் 2008-இலேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று (பாலியேட்டிவ் கேர்) தனிக் கொள்கை கொண்டுவந்தது. அங்கே பஞ்சாயத்து அளவில் பாலியேட்டிவ் நர்ஸ் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய் டியூப் மாற்றுகிறார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் அப்படி ஒரு செவிலியர் உண்டு. கிராம சுகாதார செவிலியரும் நல்ல தேர்வுதான். ஆனால் புதன்கிழமை தடுப்பூசி நாள், அன்றைக்கு அவர் பக்கமே போகாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் சொந்தக்கார அக்காவை வாட்ஸ்அப்பில் பேட்டி எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கல்லூரி ஒப்புக்கொண்டால் எடுக்கலாம், அழைத்துப் பேசுவதாக இருந்தால். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுடைய டியூட்டி சார்ட்டைக் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். கேள்விகளை டைப் செய்து அனுப்பிப் பதில் வாங்குவது மட்டும் வேண்டாம். மூன்று மூன்று வரியாகப் பதில் வரும், திருப்பிக் கேட்க வழியே இருக்காது.

அனுமதி விஷயத்தில் அவசரப்படக் கூடாது. செவிலியர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும், மருத்துவமனைக்குள் வைத்துப் பேசுவதாக இருந்தால் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். கடிதம் நர்சிங் சூப்பரின்டெண்டுக்குப் போய், அங்கிருந்து வார்டு இன்சார்ஜுக்கு வரும். இன்சார்ஜ் சிஸ்டரைத் தாண்டி நேராக ஸ்டாஃபிடம் போனால், நீங்கள் பேட்டி எடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள், பேச்சு வாங்குவது அந்த ஸ்டாஃப். கடிதத்தில் என்ன தலைப்பு, எத்தனை நிமிடம், ஒலிப்பதிவு உண்டா, பெயர் வெளிவராது என்ற உறுதி ஆகிய நான்கும் இருக்கட்டும். மருத்துவமனைக்கு வெளியே, அவர் வீட்டில் வைத்துப் பேசுவதென்றால் அவருடைய சம்மதமே போதும் என்று சில கல்லூரிகள் விடுகின்றன. உங்கள் டியூட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பேச்சை இப்படித் தொடங்கலாம்: "அக்கா, நான் செகண்ட் இயர் பி.எஸ்சி. நர்சிங். ஒரு ஸ்டாஃபைப் பேட்டி எடுத்து எழுதணும். அரை மணி நேரம் போதும். உங்க பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் வராது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். எப்ப வந்தா உங்களுக்குச் சௌகரியம்?" கேரளப் பக்கமென்றால் வயதில் மூத்தவரைச் சேச்சி எனலாம், சந்தேகமாக இருந்தால் சிஸ்டர் என்பது இரண்டு பக்கமும் செல்லும். ஆண் செவிலியரைப் பிரதர் என்பதுதான் வழக்கம்.

நேரம் தவறினால் நல்ல மனிதரும் எரிந்து விழுவார். ஷிப்ட் மாறும்போதும், ரவுண்ட்ஸ் நடக்கும்போதும், காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று மருந்து கொடுக்கும் வேளைகளிலும் போகாதீர்கள். கேரளத்தில் பல இடங்களில் 6-6-12 கணக்கு, அதாவது பகலில் ஆறாறு மணி நேரமாக இரண்டு ஷிப்ட், இரவு பன்னிரண்டு மணி நேரம். நைட் முடித்து வந்தவரை அன்று பகலில் கூப்பிடவே கூடாது. வார ஆஃப் நாளில் மாலை நாலு மணிக்கு மேல் என்றால் பேச்சு நிதானமாக வரும். ஐந்து பேர் கூட்டமாகப் போகாமல் ஒருவரோ இருவரோ போங்கள்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத.

இனி கேள்விகள். பத்துப் பன்னிரண்டு போதும். அதிலும் பாதி நேரத்தை இந்த ஒன்றுக்கே கொடுக்கலாம்: "கடைசியா பார்த்த டியூட்டிய, வார்டுக்குள்ள கால் வச்சதிலிருந்து சொல்லுங்க." "பொதுவா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் புத்தகம் பேசும், "நேத்து என்ன செஞ்சீங்க?" என்றால் வார்டு பேசும். அவர் சொல்லிக்கொண்டே போகும்போது ஹேண்ட்ஓவரில், அதாவது ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் இடத்தில், நிறுத்துங்கள். முந்தைய ஷிப்ட்காரர் படுக்கை படுக்கையாக என்ன சொன்னார், ஆபரேஷன் முடிந்து எத்தனையாவது நாள், எந்த டிரிப் ஓடுகிறது, டிரெயினில் (புண்ணிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்) எவ்வளவு வந்தது, எந்த ரிப்போர்ட் வரவேண்டும் என்று வரிசையாக வாங்குங்கள். "எல்லாம் கேட்டதும் முதல்ல எந்த பெட்டுக்குப் போனீங்க, ஏன்?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் முன்னுரிமை என்ற பாடம் முழுக்க இருக்கும்.

எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அளவுப்படி கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர். அவர் வார்டில் பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு, "ஆள் குறையுற அன்னைக்கு எந்த வேலை தள்ளிப்போகும்?" பெரும்பாலும் வாய் பராமரிப்பு, புரட்டிப் படுக்க வைப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, இந்த மூன்றும்தான் தள்ளிப்போகும். படுக்கைப் புண் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உங்கள் அறிக்கையில் அதுவே காரணமாக நிற்கும்.

கைவேலை பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் பதிலை அடுத்து என்ன கேட்பது என்று தெரியாது. டிரிப் எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட் (குழாய்) ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடும். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. தேர்வில் இதோடு முடிந்தது. வார்டில் மருந்தை அளவாக விடும் பம்ப் இல்லாத கட்டிலில் இதை எப்படி வைக்கிறார் என்று கேளுங்கள். முழு நிமிடமும் எண்ணிக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. கால் நிமிடத்துக்குப் பத்து அல்லது பதினொரு சொட்டு என்று வைத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து பார்ப்பார்கள். நோயாளி கையை மடக்கினால் ஓட்டம் மாறும், கூட இருப்பவர் "சீக்கிரம் முடியட்டும்" என்று சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் திறந்துவிடுவதும் உண்டு. இதயம், சிறுநீரகம் பலவீனமானவருக்கு அப்படி ஓடினால் மூச்சுத் திணறும். "திரும்பி வந்து பார்க்கும்போது எதைப் பார்ப்பீங்க, எப்ப டாக்டரைக் கூப்பிடுவீங்க?" என்று தொடருங்கள். டியூப் வழியாகச் சிறுநீர் சேரும் பையையும் அதே மூச்சில் கேட்கலாம்: உடல் எடையில் கிலோவுக்கு மணிக்குக் குறைந்தது அரை மில்லி என்பது கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. அதற்குக் கீழே போனால் அவர் என்ன செய்கிறார்?

இன்சுலின் இன்னொரு நல்ல இடம். நம்மூரில் அதிகம் புழங்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.1 மில்லி, அதாவது 4 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. அதையே திருப்பிப் போட்டு, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் கால் மில்லி, அதாவது 25 யூனிட். அது ஆளைக் கவிழ்த்துவிடும். "வார்டில் ரெண்டு சிரிஞ்சும் இருக்கா? மாறிப் போகாம இருக்க என்ன வழி வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். "நீங்க எப்பவாவது தப்புப் பண்ணிருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒருவரும் உண்மை சொல்லமாட்டார், அதன் பிறகு மற்றதையும் சொல்லமாட்டார். "இது எங்கெல்லாம் தப்பாகப் போக வாய்ப்பு இருக்கு?" என்றால் அவரே விவரமாகச் சொல்வார்.

தொற்றுப் பாதுகாப்பைக் கேட்க, கேரளப் பக்கச் செவிலியரிடம் நிபா வைரஸ் காய்ச்சலைத் தொட்டுப் பேசலாம். 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலூகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி தொற்றாகி இறந்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலோடு இருமிக்கொண்டு வருபவரை இப்போது எங்கே உட்கார வைக்கிறார்கள், யார் எந்த மாஸ்க் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தன் கையில் குத்திவிட்டால் என்ன செய்வார் என்பதும் அவசியம்: பிதுக்காமல் சோப்பு போட்டுக் கழுவுவது, உடனே தெரிவிப்பது, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடுவது. இரவு மூன்று மணிக்குக் குத்தினால் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டால், புத்தகத்துக்கும் வார்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும்.

சம்பளத்தைக் கடைசியில், சுற்றி வந்து கேளுங்கள். "எவ்வளவு வாங்குறீங்க?" என்பது நம்மூரில் எல்லோரும் கேட்கிற கேள்விதான், அதற்காகப் பேட்டியில் கேட்க வேண்டியதில்லை. கேரள அரசு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு அடிப்படைச் சம்பளமாக மாதம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. அது அவர் இடத்தில் நடைமுறையில் உள்ளதா, ஓவர்டைமுக்கு என்ன வழி, இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கிறார்களா என்று கேட்டால் போதும். பக்கத்தில் இன்சார்ஜோ சூப்பர்வைசரோ உட்கார்ந்திருந்தால் இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். வருகிற பதில் எதற்கும் உதவாது.

ஒலிப்பதிவுக்கு அவர் சம்மதம் முதலிலேயே வேண்டும், அந்தச் சம்மதமே பதிவின் முதல் வரியாக இருக்கட்டும். வார்டுக்குள் போட்டோ, வீடியோ கூடாது. கேஸ் ஷீட்டைப் புரட்டக் கூடாது. அவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னால் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், பெட் எண், ஊர் நாலையும் எழுதாதீர்கள். சின்ன ஊர்களில் "போன மாசம் பாம்பு கடிச்சு வந்த டீச்சர்" என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் தொழிலையும் நாளையும் சேர்த்துக் குறிக்க வேண்டாம். செவிலியரை "செவிலியர் அ, அறுவைச் சிகிச்சை வார்டு, எட்டு ஆண்டு அனுபவம்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

பேசிவிட்டு வந்த அன்றிரவே எழுத உட்காருங்கள். அரை மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்ன நல்ல வரிகளைச் சொன்னபடியே வைத்து, அறிக்கை ஆங்கிலத்தில் என்றால் பக்கத்தில் பொருள் எழுதுங்கள். எல்லாப் பதிலையும் கேள்வி பதிலாக அடுக்க வேண்டாம். மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பாடம் என்ன சொல்கிறது, அவர் என்ன செய்கிறார், வித்தியாசத்துக்குக் காரணம் ஆளா, பொருளா, நேரமா என்று விரியுங்கள். அவர் செய்வது பாடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் உடனே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். போனில் ஒரு தடவை கேளுங்கள். பல சமயம் அந்த வார்டுக்கென்று எழுதிய விதி ஒன்று இருக்கும்.

கொடுப்பதற்கு முன் அவர் சொன்ன பகுதிகளை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள். மார்க் வந்த பிறகு பதிவைப் போனிலிருந்து அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று ஒரு மெசேஜும் அனுப்புங்கள்.