பழைய கணக்கு மென்பொருளை எப்போது மாற்றுவது?

கேள்வி: ரப்பர் ஷீட் விற்ற பணம், வீட்டுச் செலவு, சீட்டு எல்லாவற்றையும் எட்டு வருடமாக ஒரே மென்பொருளில் எழுதி வருகிறேன். புதுப் பதிப்பு வாங்கச் சொல்லி அது அடிக்கடி கேட்கிறது. வாங்கலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அது கேட்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு மென்பொருளின் விற்பனை 2009-லேயே நின்றுவிட்டது, ஆனாலும் அதிலேயே பல வருடம் நிம்மதியாகக் கணக்கு எழுதியவர்கள் உண்டு. கூட்டல் கழித்தலுக்கு வயசாவதில்லை.

ஆனால் கம்ப்யூட்டரையே மாற்றப் போகிறீர்கள், புது விண்டோஸில் பழையது திறக்கவில்லை, இல்லை வங்கி தரும் ஸ்டேட்மென்ட் ஃபைலை அது இனி ஏற்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

மாற்றுவதானால் மார்ச் 31 கணக்கை முடித்துவிட்டு ஏப்ரலில் மாற்றுங்கள், வருஷ நடுவில் வேண்டாம். அதற்கு முன்னால் ஃபைலை ஒரு பென்டிரைவில் கட்டாயம் நகல் எடுங்கள், ஏனென்றால் புதுப் பதிப்பு ஒருமுறை மாற்றி எழுதிய ஃபைலைப் பழையது பெரும்பாலும் திறக்காது, எட்டு வருடக் கணக்கு போனால் போனதுதான். அப்புறம் ஒரு மாதம் இரண்டிலும் எழுதி, இருப்புத் தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பணம் கட்ட மனமில்லையென்றால் க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் இலவசம், அதையும் முயன்று பார்க்கலாம்.