வாசிக்கிறான், ஆனால் ஆச்சி பேசினால் புரியவில்லை

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவர் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம், ஆனால் வீட்டில் இங்கே எல்லோரும் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல்தான். எட்டு வயது மகன் பள்ளியில் தமிழ் படிக்கிறான். தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான், சொல்வதெழுதுதலும் நன்றாக வருகிறது. ஆனால் ஊரிலிருந்து ஆச்சி பேசினால் என் முகத்தைப் பார்க்கிறான். நான் அவனிடம் தமிழில்தான் பேசுகிறேன். பதில் கிரியோலில் வருகிறது. தமிழில் சொன்னால்தான் கேட்பேன் என்று கண்டிப்பாக இருக்கட்டுமா? தமிழ் சீரியலைப் போட்டுவைத்தால் காதில் விழுந்து பழகிவிடுமா?

பதில்: கண்டிப்பு இப்போது வேண்டாம். சீரியல் பலன் தராது. அவனிடம் இருக்கும் குறை பேச்சில் இல்லை, அதற்கு முந்தைய படியில், அதாவது கேட்டுப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

தமிழ் எழுத்து பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பது. எழுத்து பிடிபட்ட குழந்தை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட முடியும். சொல்வதெழுதுதலுக்கும் காதும் கையும் போதும். போதாததற்குப் பாடநூலில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘அவன் வீட்டிற்குச் செல்கிறான்’ என்று படித்தவனிடம் ஆச்சி ‘வீட்டுக்குப் போறான்’ என்றால், அது அவனுக்கு வேறொரு மொழி.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் வலியுறுத்திய கருத்து இங்கே உதவும். கேட்பதும் வாசிப்பதும் பொருளோடு சேர்ந்து உள்ளே போனால்தான் மொழி மனத்தில் ஊறும்; அதுவும் ஏற்கெனவே தெரிந்ததற்கு ஒரு படி மட்டும் மேலே இருக்க வேண்டும். இதைப் புரியும் உள்ளீடு என்கிறார்கள். புரியாத ஒலி எத்தனை மணி நேரம் காதில் விழுந்தாலும் இரைச்சல்தான்.

‘நான் தமிழில்தானே பேசுகிறேன்’ என்று கேட்பீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ‘சாப்பிட வா’ என்றால் அவன் வருவது தட்டைப் பார்த்து. செருப்பைக் காட்டி ‘செருப்பு போடு’ என்றால் உங்கள் கையைப் பார்த்துப் போடுகிறான். சொல்லைக் கவனிக்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. அடுத்த அறையில் நின்றுகொண்டு, கை காட்டாமல், அன்றாடம் சொல்லும் பத்து வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள். எத்தனையை அவன் சரியாகச் செய்கிறானோ, அவ்வளவுதான் அவனிடம் இருக்கும் தமிழ். அங்கிருந்து தொடங்குங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் தலையாட்டும்.

வீட்டில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். சூழ்நிலை ஒன்றுமே சொல்லாவிட்டால் பேச்சு புரியாது; எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பேச்சு தேவைப்படாது. நடுவில் நிற்க வேண்டும், அதாவது சொல்லைக் கேட்டால்தான் அவனால் முடிவெடுக்க முடிய வேண்டும். அதற்குச் சமையலறை நல்ல இடம். மேசையில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை மூன்றையும் வைத்து, ‘கறிவேப்பிலைய எடுத்து அப்பாகிட்ட குடு’ என்று சொல்லுங்கள். கிரியோலிலும் கோத்தோமிலி, காரிப்புலே, ப்ரெட் முரும் என்றுதானே சொல்கிறார்கள்! பொருள்களின் பெயர் ஏற்கெனவே பாதி தெரிந்தது என்பதால், அவன் கவனம் ‘எடுத்து’, ‘கிட்ட’, ‘குடு’ என்பவற்றுக்குப் போகும். மறுநாள் ‘அப்பாகிட்டேருந்து வாங்கிட்டு வா’ என்று மாற்றுங்கள். தினமும் இருபது நிமிடம் இப்படி நடந்தால் போதும். நாள் முழுக்கப் பாதி புரியாத தமிழைக் கொட்டுவதைவிட இது மேல்.

வேற்றுமை உருபுகளில் தனிக் கவனம் வேண்டும், கிரியோல் பேசும் குழந்தை தடுக்கி விழும் இடம் அதுதான். கிரியோலில் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லின் வரிசை காட்டிவிடும். வினையும் ஆளுக்கேற்ப மாறாது: ‘மோ பெ மான்ஸே’ (நான் சாப்பிடுகிறேன்), ‘லி பெ மான்ஸே’ (அவள் சாப்பிடுகிறாள்). தமிழில் வினை கடைசியில் வருகிறது, ‘சாப்பிடுறேன்’, ‘சாப்பிடுறா’ என்று மாறுகிறது, யார் யாரை என்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் வரும் பெயரைச் செய்பவராக எடுத்துக்கொள்வது இரண்டாம் மொழி கற்பவர்களிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கம் என்று பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் விளக்கியிருக்கிறார். ஒரு பொம்மை நாயையும் பூனையையும் கொடுத்து, ‘நாயைப் பூனை துரத்துது’ என்று சொல்லி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நாய் துரத்தினால் அந்த ‘ஐ’ அவன் காதில் விழவில்லை. இலக்கண விளக்கம் வேண்டாம். ‘நாய் பூனையைத் துரத்துது’, ‘நாயைப் பூனை துரத்துது’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி விளையாடுங்கள், ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை. தவறாகச் செய்தால் நீங்கள் பொம்மையைச் சரியாக நடத்திக்கொண்டே அதே வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள்.

அடுத்தது கதை. ஒரே கதையை ஒரு வாரத்தில் நான்கு தடவை சொல்லுங்கள். முதல் நாள் தாளில் கோடு கிழித்துப் படம் போட்டபடி, பிறகு படம் மட்டும் வைத்து, பிறகு படம் இல்லாமல், கடைசியில் ஓரிரு இடத்தை வேண்டுமென்றே மாற்றி. மாற்றிய இடத்தில் அவன் ‘இல்லை’ என்று தலையசைத்தால் கதை உள்ளே போயிருக்கிறது. உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள, நூறு சொல்லில் 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவு ஆய்வாளர் பால் நேஷனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 2000ல் காட்டிய அளவு. படமும் நீங்களும் உடன் இருப்பதால் கதையில் இன்னும் சற்றுத் தாராளம் காட்டலாம். ஆனாலும் ஒரு சிறு கதைக்குப் புதுச் சொல் நான்கைந்து போதும். நிதானமாகப் பேசுவது என்றால் சொற்றொடருக்குச் சொற்றொடர் நிறுத்துவது. எழுத்தெழுத்தாக இழுப்பதோ குரலை உயர்த்துவதோ உதவாது.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கிரியோலில் பொருள் சொல்லாதீர்கள். பின்னாலேயே கிரியோல் வரும் என்று தெரிந்தால் அவன் காது தமிழுக்கு மூடிக்கொள்ளும். ஒரு சொல்லில் முட்டி நின்றால், அதற்கு மட்டும் ஒரு முறை கிரியோல் சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்புங்கள்.

அவன் கிரியோலில் பதில் சொல்லட்டும். ‘மோ பா லே’ என்றால், ‘வேண்டாமா? சரி, வேண்டாம்னா வச்சிடு’ என்று தமிழில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதம் இப்படிப் போகலாம். அதற்காகக் கேட்பது மட்டுமே என்றென்றும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சு வழியில் படித்த குழந்தைகளுக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரிந்தும், பேச்சில் இலக்கணப் பிழைகள் தங்கிவிட்டதை 1985ல் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் எடுத்துக்காட்டினார். ஆகவே அவனாகத் தமிழ்ச் சொற்களைக் கலக்கத் தொடங்கியதும், ‘தோசையா, இட்லியா?’ போன்ற கேள்விகளால் வாயைத் திறக்க வையுங்கள்.

திரையைப் பற்றி. 2003ல் குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆயும் பட்ரீஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தனர். நேரில் ஆள் பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டனர். அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. எட்டு வயதுப் பையனின் நிலை வேறு, ஆனாலும் பெரியவர்களின் சண்டையும் வேகமும் நிறைந்த சீரியல் அவனுக்கு எட்டாது. பிரெஞ்சில் ஏற்கெனவே பார்த்த கார்ட்டூன் தமிழில் கிடைத்தால், ஐந்து நிமிடத் துண்டை மூன்று முறை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வாசிப்புக்கும் இதே வழி. மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது. எந்தத் தாள் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும், ஆகவே அந்தத் தமிழ் எழுத்தை அவன் பொருளோடு வாசிப்பான்.

இனி ஆச்சியின் அழைப்பு. உங்கள் நெல்லைப் பேச்சை மாற்றாமல் அவனிடம் பேசுங்கள். ‘மாமா வந்திருக்காவ’ என்று ஆச்சி சொல்லும்போது அது அவனுக்குப் பழகிய ஒலியாக இருக்க வேண்டும். ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்ற விசாரிப்பை ஆச்சி இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு, வீடியோவில் ஏதாவது ஒன்றைக் காட்டட்டும்: அடுப்பில் கொதிப்பதை, தொழுவத்தில் நிற்கும் மாட்டை. என்ன காட்டப்போகிறார் என்று முந்தைய நாளே கேட்டு, அந்தச் சொற்களை அவனோடு விளையாடிவிடுங்கள். ‘கன்னுக்குட்டி எங்க?’ என்று ஆச்சி கேட்டால் அவன் திரையில் விரல் வைத்தால் போதும், அதுவே பதில். அப்போது அவன் உங்கள் முகத்தைப் பார்க்காதபடி நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.