ஃப்ரோடோ தோற்றானா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். பயணங்கள் பற்றிய உங்கள் கட்டுரை ஒன்றில், போகிற போக்கில் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். முடிக்க நான்கு மாதம் ஆனது. முடித்த அன்று ராத்திரியே மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விட்டேன். இப்போது மூன்றாவது முறை ஓடிக்கொண்டிருக்கிறது. கதையில் வரும் எல்ஃப் இனத்தாரின் எழுத்தில் என் பெயரை எழுதப் பழகியிருக்கிறேன். தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிப்பதற்காக ஃப்ரோடோ தன் ஊரான ஷயரிலிருந்து எதிரியின் நாடான மோர்டோர் வரை நடந்த வழியை ஒரு சார்ட் தாளில் நாள்வாரியாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "போகாத ஊருக்கு வழி தேடுறவங்களைப் பார்த்திருக்கேன், நீ இல்லாத ஊருக்கே வழி வரைஞ்சு வச்சிருக்கியே" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் உறுத்துகிறது. இது நேரத்தை வீணாக்குவதுதானா?

இன்னொன்று. என்னைப் போல இந்த நாவலில் விழுந்தவர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். போன முறை ஒரு நண்பர், "கடைசியில் ஃப்ரோடோ மோதிரத்தை எரிமலை நெருப்பில் போடவில்லை. இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொண்டான். முன்பு அதை வைத்திருந்த கொல்லம் கடித்துப் பிடுங்கி, கால் தவறி விழுந்ததால் உலகம் பிழைத்தது. ஃப்ரோடோ தோற்றுவிட்டான், ஆசிரியர் ஒரு விபத்தை வைத்து அதை மூடிவிட்டார்" என்று சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

செப்டம்பர் 22 ஃப்ரோடோவுக்கும், அவனுக்கு மோதிரத்தை விட்டுச்சென்ற உறவினர் பில்போவுக்கும் பிறந்தநாள். அன்று கூடுகிறோம். நீங்கள் வர முடியுமா?

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஃப்ரோடோ தோற்றான்தான். ஆனால் அதை ஆசிரியர் எங்கேயும் மூடவில்லை. இதே கேள்வியை ஒரு வாசகி டோல்கீனுக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் அண்ணன் சொன்னதைப் பார்ப்போம்.

நான் இந்த நாவலை நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தவன். கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் இரண்டாம் பாகம் மட்டும் கிடைத்தது. அரகார்ன் யார், போரமிர் ஏன் அம்புகளோடு மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறான், எதுவும் தெரியாது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் பாகம் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஃப்ரோடோ உயிரோடு எதிரியின் கையில், அவன் தோழன் சாம், மூடிய கதவுக்கு வெளியே. அதற்கப்புறம் மூன்றாம் பாகம் என் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் சாம் கதவுக்கு வெளியிலேயேதான் கிடந்தான்.

முதல் வாசகர்களும் இப்படித்தான் தவித்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் பாகம் 1954 நவம்பரில் வந்தது. மூன்றாம் பாகம் வந்தது 1955 அக்டோபரில். நடுவில் பதினோரு மாதம். கதை எப்போதோ எழுதி முடிக்கப்பட்டிருந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் பின்னிணைப்புகள். அரச வம்சங்கள், ஆண்டு வரிசை, நாள்காட்டி, எழுத்து முறைகள் என்று அவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். 'எப்போது வரும்' என்று கேட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. நீங்கள் உங்கள் பெயரை எழுதப் பழகிய எல்ஃப் எழுத்து, அந்த வாசகர்களைக் காக்கவைத்த பின்னிணைப்புகளில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் சார்ட். 1944 மே மாதம், டோல்கீன் தன் மகன் கிறிஸ்டோபருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். மகன் அப்போது விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில். எழுதி முடித்த அத்தியாயங்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கடிதத்தில் நிலாவால் வந்த சிக்கலைச் சொல்கிறார். கதையில் நிலா ஓரிடத்தில் உதிக்கும்போதே இன்னோரிடத்தில் மறைந்துகொண்டிருந்ததாம். அதைச் சரிசெய்யப் பழைய அத்தியாயங்களைத் திருத்தியதில் ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது. பஞ்சாங்கம் பார்த்து நாள் எண்ணும் வீட்டில் வளர்ந்தவன் நான். இல்லாத உலகத்தின் வளர்பிறை தேய்பிறைக்காக ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார் என்பதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஃப்ரோடோவின் வழியை நீங்கள் நாள்வாரியாக வரைய முடிந்ததே அந்த மதியம் போன்ற எத்தனையோ மதியங்களால்தான். கணக்கு இடித்திருந்தால் உங்கள் சார்ட் பாதி வழியில் நின்றுபோயிருக்கும். இதை அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

உங்களைப் போன்றவர்கள் அன்றும் இருந்தார்கள். வாசகர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று 1956ல் ஒரு கடிதத்தில் அவர் பட்டியல் போடுகிறார். சிலருக்கு வரைபடம் வேண்டும், சிலருக்கு மண்ணும் பாறையும் பற்றிய விவரம் வேண்டும், எல்ஃப் மொழிக்கு இலக்கணம் வேண்டும். இசை தெரிந்தவர்கள் பாடல்களுக்கு மெட்டு கேட்கிறார்கள், தாவரவியல்காரர்கள் மரங்களையும் பூக்களையும் இன்னும் துல்லியமாகச் சொல்லச் சொல்கிறார்கள், வரலாற்றுக்காரர்கள் கதையில் வரும் கோண்டோர் நாட்டின் ஆட்சிமுறையைக் கேட்கிறார்கள். ஒரு நாவலுக்கு இப்படிக் கேள்விகள் வருவதைவிடப் பெரிய மரியாதை உண்டா? அந்த உலகம் இருக்கிறது என்று நம்பியவர்களுக்குத்தான் அங்கே என்ன மரம் வளரும் என்று கேட்கத் தோன்றும்.

இத்தனைக்கும், பதிப்பகம் இதைப் பெரிய நம்பிக்கையோடு வெளியிடவில்லை. ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆலன் அண்ட் அன்வின் அச்சுக்கு அனுப்பியது. வழக்கமான ராயல்டி கிடையாது. செலவு எடுத்த பிறகு லாபம் வந்தால் பாதிப் பாதி என்பது ஒப்பந்தம். விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கவிஞர் ஆடன் கொண்டாடினார், எட்மண்ட் வில்சன் 1956ல் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று எழுதினார். பாதிப் பாதி ஒப்பந்தத்தில் டோல்கீனுக்குப் பணம் கொட்டியது என்றால் அதற்கு வாசகர்கள்தான் காரணம்.

அந்த வாசகர்கள் வெறுமனே வாங்கிப் படித்ததோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 1965ல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. அங்கே காப்புரிமையில் ஒரு ஓட்டை இருப்பதாகச் சொல்லி ஏஸ் புக்ஸ் என்ற நிறுவனம் ஆசிரியரைக் கேட்காமல் 75 சென்ட்டுக்கு மலிவுப் பதிப்பு போட்டது. அவருக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. டோல்கீன் என்ன செய்தார்? தனக்குக் கடிதம் எழுதும் அமெரிக்க வாசகர்களுக்குப் பதில் போடும்போதெல்லாம் இந்த விஷயத்தையும் சொல்லி, நண்பர்களிடமும் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். விஷயம் வாசகரிலிருந்து வாசகருக்குப் பரவியது. ஆசிரியர் அனுமதித்த பாலன்டைன் பதிப்பு 95 சென்ட். இருபது சென்ட் கூடுதல். மாணவர்கள் அந்த இருபது சென்ட்டைக் கொடுத்து அதை வாங்கினார்கள். அடுத்த வருடமே ஏஸ் புக்ஸ் பணிந்து அவருக்குப் பணம் கொடுத்தது, இனி அச்சடிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. காலம் காலமாக அவர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதிய பதில் கடிதங்கள்தான் அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றின.

பதில் எழுதுவதில் அவர் அப்படிப்பட்டவர். 1956ல் லண்டனிலிருந்து ஒருவர் எழுதினார்: வானொலியில் உங்கள் கதை வந்ததாகச் சொல்கிறார்கள், அதில் என் பெயர் இருக்கிறதாமே, எனக்கு உண்மையிலேயே சாம் கேம்ஜீ என்றுதான் பெயர். டோல்கீன் அவருக்கு அன்பாகப் பதில் எழுதி, மூன்று பாகங்களையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

எல்லாம் இனிமையாகவே இருக்கவில்லை. நேர வித்தியாசம் பார்க்காமல் அமெரிக்காவிலிருந்து நடுராத்திரியில் தொலைபேசி வரும். 1968ல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு போர்ன்மவுத்துக்குப் போனபோது முகவரியை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு வெகு முன்பே, 1955ல், இதையெல்லாம் ஒரு பிரம்மாண்டமான விளையாட்டைப் போல நடத்துவது நல்லதுதானா என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. தனக்கு நிச்சயமாக நல்லதில்லை, ஏனென்றால் தன்னை அது அளவுக்கு மீறி இழுக்கிறது என்று எழுதியிருக்கிறார். இது நாமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான். வரைபடமும் எழுத்தும் மட்டும் மிஞ்சி, கதை உள்ளே இறங்காமல் போகலாம். உங்களுக்கு அப்படி ஆகவில்லை. நண்பரின் ஒரு கேள்வி உங்களை அழவைத்திருக்கிறதே, அதனால் சொல்கிறேன்.

சரி, ஃப்ரோடோ.

1963ல் ஒரு வாசகி இதைக் கேட்டபோது டோல்கீன் எழுதிய பதிலின் வரைவு கிடைத்திருக்கிறது. நீண்ட பதில். ஃப்ரோடோவின் தோல்வியைக் கவனித்து எழுதியவர்கள் அந்த வாசகியும் இன்னொருவரும் மட்டும்தான் என்று அதில் சொல்கிறார். நாவல் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது, கேள்விகள் குவிந்திருந்தன. அத்தனையிலும் இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். உங்கள் நண்பருக்கு இது தெரிந்தால் மகிழ்ச்சி அடைவார். டோல்கீன் சொல்வது இது: ஃப்ரோடோ தோற்றான், ஆனால் அது ஒழுக்கத்தில் விழுந்த தோல்வி இல்லை. அந்த இடத்தில், அத்தனை மாதச் சித்திரவதைக்குப் பிறகு, மோதிரத்தின் அழுத்தத்தை யாராலும் தாங்கியிருக்க முடியாது. தன்னால் முடிந்ததையெல்லாம் கொடுத்து, காரியம் நடப்பதற்கான நிலைமை வரை அவன் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். கொல்லத்திடம் அவன் காட்டிய கருணை, அவனுக்கே கருணையாகத் திரும்பி வந்தது.

ஆசிரியர் சொன்னதற்காக மட்டும் ஏற்க வேண்டாம். நாவலிலேயே பாருங்கள். இரண்டாவது அத்தியாயத்துக்குப் போங்கள். இன்னும் பயணமே தொடங்கவில்லை. ஃப்ரோடோ தன் சொந்த வீட்டில், தன் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். களைப்பு இல்லை, காயம் இல்லை, பசி இல்லை. முடிந்தால் மோதிரத்தை அழித்துப் பார் என்கிறார் மந்திரவாதி காண்டால்ஃப். நெருப்பில் வீசத்தான் ஃப்ரோடோ அதை வெளியே எடுக்கிறான். வீசப் போகிறான். அடுத்த கணம் பார்த்தால் மோதிரம் மறுபடி அவன் பைக்குள் இருக்கிறது. சாதாரணக் கணப்புத் தீயில் போடவே கை வராதவன், ஆயிரம் பக்கம் கழித்து அந்த மலையின் வயிற்றில் என்ன செய்வான் என்பதை டோல்கீன் அங்கேயே சொல்லிவிட்டார். நாம்தான் அதைத் தாண்டி ஓடிவிட்டோம்.

அதே அத்தியாயத்தில்தான் கொல்லத்தைப் பில்போ மோதிரம் கிடைத்த அன்றே கொன்றிருக்கக் கூடாதா என்று ஃப்ரோடோ ஆத்திரப்படுகிறான். பில்போவின் கையைத் தடுத்தது இரக்கம்தான் என்கிறார் காண்டால்ஃப். நோயும் மருந்தும் ஒரே அத்தியாயத்தில் இருக்கின்றன. பின்னால் ஃப்ரோடோ அந்தக் கொல்லத்தை நேரில் பார்க்கிறான், பார்த்ததும் அவனுக்கே இரக்கம் வருகிறது. அந்தக் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை நாவலின் உச்சம். மலைக்குள் நடப்பது அதன் விளைவு.

விபத்து என்கிறாரே உங்கள் நண்பர், அதையும் பாருங்கள். மலைச் சரிவில் கொல்லம் பாய்ந்து தாக்கியபோது ஃப்ரோடோ என்ன சொல்கிறான்? இன்னொரு முறை என்னைத் தொட்டால் நீயே அந்த நெருப்பில் எறியப்படுவாய் என்கிறான். சில பக்கங்களில் கொல்லம் தொடுகிறான், விழுகிறான். வாக்கு பலித்தது என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் விபத்து தெரியவில்லை.

அப்புறம் ஃப்ரோடோ ஊர் திரும்பியது. போர் முடிந்து வீடு வந்தும் அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் காயம் பட்ட தேதிகளில் நோய் திரும்பி வருகிறது. ஷயர்க்காரர்களுக்கு அவன் செய்தது தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. அதைப் பார்த்துச் சாம்தான் வருந்துகிறான். டோல்கீன் முதல் உலகப் போரில், 1916ல், பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். 1918 முடிவதற்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் இழந்தவர். தன் கதையை எந்தப் போரின் உருவகமாகவும் படிக்கக் கூடாது என்று அவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் திரும்பி வந்தவன் முழுசாகத் திரும்பி வருவதில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. ஃப்ரோடோ தானே மோதிரத்தை எறிந்துவிட்டு ஜெயித்து வந்திருந்தால், நீங்கள் இந்த நாவலை மூன்றாவது முறை படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். நானும்தான்.

22ஆம் தேதி வருகிறேன். காலை ரயிலில் வந்து ராத்திரி திரும்ப வேண்டும். டோல்கீன் இந்த அத்தியாயங்களை எழுத எழுத, ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் முதலான நண்பர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். நாமும் அன்று அந்த இரண்டாவது அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கலாம். ஃப்ரோடோ தோற்றான் என்று சொன்ன நண்பரே வாசிக்கட்டும். சார்ட்டைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து வாருங்கள், நான் பார்க்க வேண்டும்.