குதிரைக்கும் தொய்வு வருமா?

கேள்வி: நாங்கள் சுவிஸில் பேர்ண் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 15 வயது. பக்கத்துக் கிராமத்துக் கொட்டிலில் ஒரு 16 வயதுக் குதிரையை வாரத்தில் மூன்று நாள் பார்த்துக்கொள்கிறாள். குளிர் தொடங்கினால் அதற்கு இருமல். மிருக வைத்தியர் நுரையீரலைக் கழுவிப் பார்த்துவிட்டு, தொய்வு, அதாவது ஆஸ்துமா, ஹொய் என்கிற காய்ந்த புல்தான் காரணம் என்கிறார். புல் தின்னப் பிறந்த மிருகத்துக்குப் புல் ஒத்துக்கொள்ளாதா? அலர்ஜிக்கு இரத்தப் பரிசோதனை கேட்டோம், தேவையில்லை என்றுவிட்டார். எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, மூலிகைப் பொடி கொடுங்கள் என்கிறார்கள் கொட்டிலில் சிலர். மகளுக்கும் சின்ன வயதில் தொய்வு இருந்தது. இது தொற்றுமா?
- ஒரு தாய், பேர்ண்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தொற்றாது. ஆனால் குதிரையும் மகளும் ஒரே தூசியைத்தான் இழுக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பொடியை வாங்காதீர்கள். இது எதிர்ப்புச் சக்தி குறைந்து வந்த வருத்தமே இல்லை, நேர் எதிர். சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தியதற்குத் தீயணைப்பு வண்டி வந்து வீடு முழுக்கத் தண்ணீர் பீய்ச்சியடித்தால் எப்படியிருக்கும்? உங்கள் குதிரையின் நுரையீரலில் நடப்பது அதுதான். அதற்கு இன்னும் இரண்டு வண்டி கூப்பிடச் சொல்கிறார்கள் உங்கள் கொட்டில்காரர்கள்.

புல் மேல் குற்றமில்லை. மேய்ச்சலில் பச்சையாகத் தின்றால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. சரியாகக் காயாத புல்லைக் கட்டாகக் கட்டி அடுக்கும்போது உள்ளே சூடு ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், சூட்டை விரும்புகிற நுண்ணுயிர்கள் பெருகும். கண்ணுக்கு நல்ல பச்சையாகத் தெரிகிற கட்டிலும் இவற்றின் வித்துகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஐந்து மைக்ரோமீட்டருக்கும் சின்னவை என்பதால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். அதோடு குதிரைக்கு வாயால் மூச்சுவிட வராது, மூக்கு மட்டும்தான். அந்த மூக்கைக் காய்ந்த புல்லுக்குள் புதைத்துக்கொண்டு நாளெல்லாம் தின்னும் மிருகம் அது. குளிர்காலத்தில் கதவு ஜன்னலையும் மூடிவிடுகிறோம். வருடம் முழுக்க வெளியிலேயே நிற்கிற குதிரைகளுக்கு இந்த வருத்தம் அரிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தத் தூசி உள்ளே போனதும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் ஆபத்து என்று இரசாயனச் செய்தி அனுப்பும். நல்ல குதிரையில் காவலுக்கு இருக்கும் அணுக்கள் தூசியை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நோயுள்ள குதிரையில் நாலைந்து மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இரத்தத்திலிருந்து படையாக வந்து இறங்கும். உங்கள் வைத்தியர் கழுவியெடுத்த நீரில் எண்ணியது அவற்றைத்தான். நல்ல நுரையீரலில் எண்ணுகிற அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும், கடுமையான தொய்வில் இருபத்தைந்தைத் தாண்டும். அவை கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளைக் கொட்டும், தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசும். பிடிபட அங்கே கிருமி இல்லாததால் அடிபடுவது சொந்த வீடு. சளி கெட்டியாகும், குழாயைச் சுற்றிய தசை இறுகும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தத் தசை தடித்துவிடும், பிறகு முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்ற வைத்தியர் சொன்னது சரி. மனிதரில் வழக்கமான அலர்ஜி ஆஸ்துமாவுக்கு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் இயோசினோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும்தான் முக்கியம். குதிரையில் இழுப்பு நிமிடங்களில் வராது, மணிக்கணக்கில்தான் வரும். ஐஜிஇயின் பங்கு என்ன, மற்ற எதிர்ப்பு அணுக்களை ஏவிவிடுகிற துணை டி அணுக்களில் எந்த வகை இதை நடத்துகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. பூஞ்சணத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நல்ல குதிரையின் இரத்தத்திலும் இருக்கும். இருபது பொருள் எழுதிய ஒரு பட்டியலுக்குக் காசு கட்டிவிட்டு, கடைசியில் ‘தூசியைக் குறையுங்கள்’ என்பதையே கேட்டுக்கொண்டு வருவீர்கள்.

ஏன் இந்தக் குதிரைக்கு மட்டும் என்றால், பரம்பரை ஒரு காரணம். தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தால் குட்டிக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, இரண்டுக்கும் இருந்தால் ஐந்து மடங்கு. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்த ஒரு குதிரைக் குடும்பத்தில் தொய்வுள்ள பிள்ளைகளின் சாணத்தில் குடற்புழு முட்டை குறைவாக இருந்தது. அதாவது புழுவை விரட்டுகிற அதே வேகம் நுரையீரலில் வினையாகிறது போலிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தக் குதிரைகள் மேல் தனிப் பிரியம்.

சரி, என்ன செய்வது? ஹொய்யை முப்பது நிமிடம் நீரில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் கொடுங்கள். ஆவியில் வேகவைக்கும் பெட்டி கொட்டிலில் இருந்தால் அது இன்னும் நல்லது, பூஞ்சணமும் சாகும். படுக்கைக்கு வைக்கோலுக்குப் பதில் தூசி நீக்கிய மரச்சீவல். கூட்டும்போது குதிரை வெளியில் நிற்கட்டும். பலர் கோட்டைவிடுவது எங்கே தெரியுமா? பக்கத்துக் குதிரை நிற்கிற அறையில். உங்கள் குதிரைக்கு மட்டும் நனைத்துக் கொடுத்து, அடுத்த குதிரைக்குக் காய்ந்ததை உதறிப் போட்டால் பலனில்லை. கொட்டில்காரரிடம் இதைச் சண்டை போடாமல் பேச வேண்டியது உங்கள் வேலை, பதினைந்து வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

வைத்தியர் தரும் ஸ்டீராய்டு அந்தப் படையை அடக்கும். தூசி தொடர்ந்தால் மருந்தை நிறுத்தியதும் இருமல் திரும்ப வரும். நன்றாகத் தேறிய குதிரையும் ஒரு மோசமான கட்டுக்குள் மூக்கை விட்டால் அன்றிரவே இழுக்கத் தொடங்கலாம், ஏனென்றால் உடம்பு மறக்கவில்லை. மகள் தொய்வுக்கு இழுத்த பழைய பம்பை (இன்ஹேலரை) மட்டும் குதிரை மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அளவும் வேறு, கருவியும் வேறு.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அதே பூஞ்சண ஹொய்யின் நுண்ணுயிர்தான் விவசாயிகளுக்கு ‘விவசாயி நுரையீரல்’ என்ற வருத்தத்தைக் கொடுப்பது. தொய்வு இருந்த பிள்ளை கட்டு உதறும்போதும் கூட்டும்போதும் முகக்கவசம் போடட்டும், தன் வைத்தியரிடமும் சொல்லிவைக்கட்டும். அவளுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். குதிரை ஓய்வாக நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணி, தினமும் எழுதிவைக்கட்டும். எட்டு முதல் பதினாறு என்றால் பரவாயில்லை. சும்மா நிற்கும்போதே இருபதைத் தாண்டினாலோ, மூக்குத்துவாரம் விரிந்து ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உந்தினாலோ, காய்ச்சல் வந்து தின்னாமல் நின்றாலோ, அன்றே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.